காக்கைக் குஞ்சு வளர்த்த வீடு

கண்ணு,

நேற்று நீ போனை வைத்த பிறகு உன் நைனா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "இன்னா சொல்லுது பாப்பா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. உனக்கும்தான் சொல்லவில்லை. "ஒண்ணு அந்தக் காக்கா குஞ்சுங்க அந்த ஊட்ல இருக்கணும், இல்ல நான் வரணும். ரெண்டுல ஒண்ணு சொல்லும்மா" என்று நீ கேட்டாய். நான் வாயைத் திறந்தேன், மூச்சு வரவில்லை. விஷயம் அவ்வளவுதான். நீ அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டு போனை வைத்துவிட்டாய். கோபமும் கொஞ்சம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதலில் வராமல் போனது மூச்சுதான்.

எழுதினால் நடுவில் நிறுத்தி இளைப்பாறிக்கொள்ளலாம், உனக்குத் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன். நீ தெலுங்கு மீடியத்தில் படித்தவள், தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். சொல்லிக்கொடுத்தவளே நான்தானே. மெதுவாகப் படி. மாப்பிள்ளையிடம் கொடுத்துப் படித்துக் காட்டச் சொல்லாதே. பிறகு யார் வேண்டுமானாலும் படிக்கட்டும், எனக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை. முதலில் நீ படி.

உன் மாமியாரை வைத்தே ஆரம்பிக்கிறேன். அன்றைக்கு வீடியோ காலில் பேசும்போது என் கை தவறிப் போன் கொல்லைப்பக்கம் திரும்பிவிட்டது. உன் நைனா முக்காலியில் உட்கார்ந்து, மடியில் துணியை விரித்துப் போட்டுக்கொண்டு, ஒரு குஞ்சின் வாயில் மாவு உருண்டையை வைத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா திருப்பதியில் இருந்தபடியே எழுந்து நின்றுவிட்டார். "இன்னாம்மா இது? புள்ளத்தாச்சி வரப்போற ஊட்ல காக்காவ வெச்சிக்கினு கீறீங்க! சனீஸ்வரன் வாகனம்மா அது. ஊட்டுக்குள்ள வந்தாலே ஆவாது, உங்க ஊட்டுக்காரரு மடியில வெச்சி ஊட்டிக்கினு கீறாரே!" நான் சிரித்துவிட்டேன். சிரித்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. அவர் பயம் சனீஸ்வரன் மேல். உன் பயம் என் நுரையீரல் மேல். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளும் அளவுக்கு உன் அம்மா இன்னும் மந்தமாகிவிடவில்லை. அவர் சொன்னதற்காக நீ என்னிடம் அப்படிக் கேட்கவில்லை என்று தெரியும். என் மேல் இருக்கும் பாசத்தில் கேட்டாய். அதனால்தான் உனக்கு உண்மையான பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

உன் நைனாவுக்கும் காக்கைக்கும் உள்ள வழக்கு உனக்குப் பாதிதான் தெரியும். சித்தூரில் லைன்மேனாக இருப்பவனுக்குக் கோடைக்காலத்தில் பெரிய வேலையே காக்கைக் கூடு கலைப்பதுதான். காக்கை குச்சியால் மட்டும் கூடு கட்டுவதில்லை. கட்டடம் கட்டுகிற இடத்தில் கிடக்கும் கட்டுக்கம்பி, அறுந்த ஒயர், துருப்பிடித்த முள்கம்பி என்று கிடைப்பதையெல்லாம் கொண்டுபோய் மின்கம்பத்துக் குறுக்குச் சட்டத்தில் வைத்துவிடும். சித்திரையில் காற்று அடித்தால் அந்தக் கம்பி லைனில் பட்டு, பொறி பறந்து, தெருவே இருட்டாகும். அதனால் காற்றுக்கு முன்னாலேயே லைன் கிளியர் வாங்கி, அதாவது அந்த லைனில் கரண்டை நிறுத்த வைத்து, கம்பத்தில் ஏறி, கூட்டைப் பிய்த்துக் கீழே தள்ள வேண்டும். கூட்டில் முட்டை இருந்தாலும் தள்ள வேண்டும், குஞ்சு இருந்தாலும் தள்ள வேண்டும். காக்கைகள் சும்மா விடுமா? ஆள் அடையாளம் மறக்காத ஜாதி. லுங்கி கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனாலும் உன் நைனாவைக் கண்டுபிடித்துத் தலையில் அடிக்க வரும். மழையே இல்லாத மே மாதத்தில் அவர் குடை பிடித்துக்கொண்டு போவார். தெருவில் 'குடை லைன்மேன்' என்றே பெயர். நீ பள்ளிக்கூடத்தில் இருந்து வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அவர் சிரிக்காத நாள் ஒன்று உண்டு. உன் தாத்தாவின் திவசம். ஐயர் எல்லாம் முடித்துவிட்டு, பிண்டத்தை மாடியில் காக்கைக்கு வைக்கச் சொன்னார். அது தொட்டால்தான் மற்றவர்கள் இலையில் உட்காரலாம். உன் நைனா வைத்துவிட்டுக் கா, கா என்று கூப்பிட்டார். எதிர் வீட்டு மதிலில் வரிசையாக உட்கார்ந்து அத்தனை காக்கையும் பார்த்தது. ஒன்றும் வரவில்லை. வெயில் ஏறி, சோறு காய்ந்து, குழந்தைகள் பசியில் அழ ஆரம்பித்தன. உன் பெரியப்பா எல்லார் முன்னாலும் சொன்னார்: "வருசம் பூரா அதுங்க கூட்ட பிச்சிக்கினு கீற, அது எப்பிட்றா வந்து துன்னும்? அப்பாவுக்கே சோறு எறங்காம பண்ணிட்டியே." கடைசியில் ஒரு பசுவுக்கு வைத்துவிட்டு எல்லாரும் சாப்பிட்டார்கள். உன் நைனா சாப்பிடவில்லை. அடுத்த தடவை கம்பத்தில் இருந்து இறங்கியபோது அவருடைய மஞ்சள் ஹெல்மெட்டுக்குள் மூன்று குஞ்சுகள் இருந்தன. ஹெல்மெட்டை என் கையில் கொடுத்து, "இத்த எப்பிடியாச்சும் காப்பாத்து" என்றார்.

நீ அப்போது ஆறாம் வகுப்பு. இறகே இல்லாத உடம்பு, மூடின கண், திறந்தால் சிவப்பாகத் தெரியும் பெரிய வாய். நீ தொட பயந்துகொண்டு பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நான் அங்கன்வாடி டீச்சர். பிள்ளை வளர்ப்பதைப் பற்றி ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறவள். உனக்கு மருந்து புகட்டிய வெள்ளிப் பாலாடையை எடுத்துக் கழுவி, பசும்பாலைத் தண்ணீர் கலந்து காய்ச்சி ஆற்றி, ஒவ்வொரு வாயாக ஊற்றினேன். வாயைத் திறந்து திறந்து காட்டின, நானும் ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் ஒரு குஞ்சின் மூக்குத் துளையில் பால் குமிழி விட்டது. பிறகு ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு சின்னச் சத்தம், ஈரமான சத்தம், டிக் டிக்கென்று. சாயங்காலத்துக்குள் மூன்றும் போய்விட்டன. பறவைக்குப் பால் செரிக்காது. வாயில் எதை ஊற்றினாலும் நாக்குக்குப் பின்னால் இருக்கும் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். இது எனக்குத் தெரியாது. நீ என்னைப் பார்த்து, "எனக்கும் இதுலதானே ஊத்துன?" என்று கேட்டாய்.

அதனால் இந்தக் கடிதத்தில் முதல் புத்திமதி இதுதான், குறித்துக்கொள். உன் குழந்தைக்குப் பாலாடையில் எதையும் ஊற்றாதே. தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம். சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம், வசம்பு வேண்டாம், தேன் வேண்டாம். உன் மாமியார் பாலாடையை எடுத்தால் சண்டை போடு. மரியாதை இல்லாதவள் என்று பெயர் வந்தாலும் பரவாயில்லை.

அதற்கப்புறம் தெருவில் எங்கே என்ன விழுந்தாலும் நம் வீட்டுக்குத்தான் வந்தது. அணிலும் வந்தது, மைனாவும் வந்தது. மாந்தோப்பில் கிளை வெட்டும்போது விழுந்த கிளிக்குஞ்சையும் கொண்டுவந்தார்கள். ஆனால் வருடம் தவறாமல் வந்தது காக்கைதான். கிளி என்றால் வாங்கிக்கொள்ள நாலு பேர் இருப்பார்கள், காக்கையை யார் வாங்குவார்கள்? நான் மெல்லக் கற்றுக்கொண்டேன். பொட்டுக்கடலை மாவையும் அவித்த முட்டையையும் பிசைந்து, விரல் நுனி அளவு உருட்டி, தண்ணீரில் தோய்த்து, நாக்குக்குப் பின்னால் மூச்சுத் துளையைத் தாண்டி ஆழமாக வைக்க வேண்டும். தண்ணீர் என்று தனியாக ஒரு சொட்டும் கூடாது. விடிந்ததில் இருந்து பொழுது சாயும் வரை ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கூடையைத் தூக்கிக்கொண்டு அங்கன்வாடிக்கே போனேன். பருப்பு டப்பாவுக்குப் பின்னால் கூடை, முன்னால் பிள்ளைகள். இரண்டு பக்கமும் வாயைத் திறந்துகொண்டு கத்தும். சூப்பர்வைசரம்மா ஒரு நாள் திடீரென்று வந்து, மேஜையில் முட்டை ஓட்டைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, பில்லல குட்லு எக்கடிகி போயாயி?" என்று கேட்டார். பிள்ளைகளின் முட்டை எங்கே போச்சாம்! நம் வீட்டுக் காசில் வாங்கின முட்டை என்று நான் சத்தியம் பண்ணி முடிப்பதற்குள் கூடை கத்திவிட்டது. அந்த அம்மா அலறிய அலறலில் பிள்ளைகள் எல்லாம் கைதட்டினார்கள்.

ஒரு வருடம் காக்கைக் கூட்டில் இருந்து வந்த ஒன்று புள்ளி புள்ளியாக வளர்ந்தது. இது எந்தச் சாதிக் காக்கை என்று நாம் மூன்று பேரும் மண்டையை உடைத்துக்கொண்டோம். ஒரு நாள் கூரையில் உட்கார்ந்து அது கத்தின கத்தலில் நீ யூனிஃபார்மோடு ஓடி வந்து, "அம்மா, குயில்மா! நாம ஏமாந்துட்டம்மா!" என்று குதித்தாய். அது பறந்து போனது. பிழைத்தது. பிழைத்தவற்றைச் சொல்லு என்றால் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுவேன். செத்ததுதான் அதிகம், கண்ணு. காலையில் கூடையைத் திறக்கும்போது எந்தத் தலை தூக்காது என்று பார்த்துக்கொண்டே திறக்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. கறிவேப்பிலை மரத்தடியில் தோண்ட இடமில்லாமல் போனது.

நீ 'முத்து' என்று பெயர் வைத்த காக்கையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நன்றாக வளர்ந்தது. உன் தோளில் உட்கார்ந்து ஜடையை இழுக்கும். சைக்கிளுக்குப் பின்னாலேயே பள்ளிக்கூடம் வரை பறந்து வரும். நமக்கு அதில் பெருமை. ஒரு காக்கை மனிதனைக் கண்டு பயப்படாமல் இருப்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்று நமக்கு உறைக்கவில்லை. காக்கை தலையில் உட்கார்ந்தால் சாவு வரும் என்று நம்புகிற ஊர் இது. தலை முழுகி, கோயிலுக்குப் போய், எள் விளக்கு ஏற்றுகிற ஊர். முத்து போய் டீக்கடையில் ஒரு பெரியவர் தலையில் உட்கார்ந்தது. அவர் போட்ட கூச்சலில் பக்கத்தில் இருந்தவன் பால் கிளறுகிற கரண்டியால் அடித்தான். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெரியவர் உயிருக்குப் பயந்து நடுங்கிக்கொண்டு இருந்தார், பாவம். நீ பள்ளிக்கூடத்தில் இருந்து வரும் வழியில்தான் அது செத்துக் கிடந்ததைப் பார்த்தாய். பையில் போட்டுக்கொண்டு வந்தாய். அதற்கப்புறம் நீ எந்தக் குஞ்சுக்கும் பெயர் வைக்கவில்லை. குஞ்சுக்கு இறகு முளைத்த நாளில் இருந்து நான் தலையில் துணி போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் ஊட்ட ஆரம்பித்தேன். கொஞ்சிக் கொஞ்சி வளர்த்தது போதாது, கண்ணு. எதைக் கண்டு பயப்பட வேண்டும் என்றும் சொல்லிக்கொடுக்க வேண்டும். உனக்கு மகள் பிறந்தாலும் மகன் பிறந்தாலும் இதை மறக்காதே.

இருமல் வந்தபோது அடுப்புப் புகை என்றேன், சாக்பீஸ் தூசி என்றேன். படி ஏறினால் மூச்சு வாங்கியபோது வயசாகிறது என்றேன். நீதான் சண்டை போட்டு வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போனாய். டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, "வீட்ல புறா, கிளி, லவ் பேர்ட்ஸ் எதாச்சும் வளக்கிறீங்களா?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன் நீ சொன்னாய்: "காக்கா வளக்கிறாங்க டாக்டர்." அவர் நிமிர்ந்து, நாம் கேலி பண்ணுகிறோமா என்று பார்த்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார். இறகுத் தூளும் காய்ந்த எச்சத்தின் தூசியும் சிலர் உடம்புக்கு ஆகாதாம். நுரையீரல் அதோடு சண்டை போட்டுப் போட்டு உள்ளே தழும்பாகிவிடுமாம். "தழும்பு போவாதும்மா. இனிமே புதுசா வராம பாத்துக்கலாம். ஒரு பறவைகூட வீட்ல இருக்கக் கூடாது" என்றார். பஸ்ஸில் வரும்போது நீ என் கையை விடவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் கூடைகளை எல்லாம் கொல்லையில் போட்டு நீயே கொளுத்தினாய். உன் நைனா பக்கத்தில் நின்று பார்த்தார். அவர் முகத்தை அன்றைக்கு என்னால் பார்க்க முடியவில்லை.

பறவைகள் மேல் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். உன் நைனா மேல் கோபம் இல்லை என்றாலும் பொய்தான். மாத்திரையில் முகம் வீங்கி, கண்ணாடியில் யாரோ ஒருத்தி தெரிந்த நாட்களில் மனதுக்குள் அவரைத் திட்டியிருக்கிறேன். 'கூட்டைக் கலைத்தது நீ, உன் அப்பனுக்குச் சோறு இறங்க வேண்டும் என்று கொண்டுவந்ததும் நீ, தூசியைத் தின்றது நான்' என்று. வாயால் ஒரு தடவையும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் மனிதர் உடைந்துபோயிருப்பார். ஆனால் கூடையில் ஒரு குஞ்சு தலையைத் தூக்கி வாயைத் திறக்கும்போது எனக்குள் வந்த சந்தோஷம் அவர் கொடுத்தது இல்லை. அது என்னுடையது. அதை யாருக்காகவும் இப்போது மறுத்துப் பேச மாட்டேன்.

இனி சொல்லப்போவதை உட்கார்ந்துகொண்டு படி. தை மாதம் நானும் நைனாவும் மறுபடி வேலூர் போனோம். உனக்கு அப்போது மூன்றாம் மாதம், வாந்தியில் சுருண்டு கிடந்தாய். "டெஸ்ட்டெல்லாம் நல்லா வந்துச்சி" என்று போனில் சொன்னேன். நல்லா வரவில்லை. இரண்டு வருடம் ஒரு பறவையும் இல்லாமல் இருந்தும் தழும்பு நிற்கவில்லை, அதுபாட்டுக்கு வளர்ந்திருக்கிறது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "தேன்கூடு மாதிரி ஆயிட்டுது பாருங்க" என்று உன் நைனாவுக்குக் காட்டினார். நுரையீரலை மாற்றுவதைப் பற்றி ஏதோ சொன்னார். என் வயசுக்கும் உடம்புக்கும் அது நடக்காது என்றும் அவரே சொன்னார். எவ்வளவு காலம் என்று உன் நைனா கேட்டார். டாக்டர் ஆக்சிஜன் மிஷின் ஒன்று வீட்டில் வைத்துக்கொள்ளச் சொன்னார். நீ வீடியோவில் வரும்போதெல்லாம் என் கட்டிலுக்குப் பின்னால் புதுத் திரை ஒன்றைப் பார்த்து அழகாக இருக்கிறது என்றாயே, மிஷின் அதற்குப் பின்னால்தான் இருக்கிறது. உன்னோடு பேசும் நேரத்துக்கு மூக்குக் குழாயைக் கழற்றி வைத்துவிடுவேன். அதனால்தான் நான் சீக்கிரம் போனை வைத்துவிடுகிறேன். பேச்சு பிடிக்காமல் இல்லை. இப்போது மூச்சு விடும்போது உள்ளே டிக் டிக்கென்று ஒரு சத்தம் வருகிறது. அது என்ன சத்தம் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பறவைகளைத் துரத்திவிட்டால் நான் பிழைத்துவிடுவேன் என்று நீ நினைக்கிறாய். அந்த நம்பிக்கையில்தான் அவ்வளவு கோபமாகக் கேட்டாய். அதை உன்னிடம் இருந்து பிடுங்குவதற்குத்தான் எனக்கு இத்தனை நாள் மனம் வரவில்லை.

இப்போது இந்தக் குஞ்சுகள் எப்படி வந்தன என்று சொல்கிறேன். சித்திரைக் காற்றில் நம் தெரு முனை டிரான்ஸ்ஃபார்மரில் கரண்ட் போனது. மிஷின் நின்றது. சிலிண்டர் ஒன்று துணைக்கு இருந்தது, அதை மாட்டிவிட்டு உன் நைனா ஓடினார். கூட்டுக் கம்பி லைனில் விழுந்து கிடந்தது. அவரே லைன் கிளியர் வாங்கி, அவரே ஏறி, பிய்த்துப் போட்டுவிட்டு, கரண்ட் வந்ததும் வீட்டுக்கு வந்தார். கை எல்லாம் காக்கை கொத்தின ரத்தம். வாசலிலேயே நின்றார். ஹெல்மெட் கையில் இருந்தது. "ரெண்டு கீது. உள்ள கொண்டாரல. எங்கனா வெச்சிட்டு வந்துர்றேன்" என்றார். எங்கே வைப்பார்? அந்தக் கூட்டை என் மூச்சுக்காகப் பிய்த்திருக்கிறார். நான்தான் கொல்லையில் வைக்கச் சொன்னேன். "நீ தொடக் கூடாது" என்றார். "நான் தொடல, நீ ஊட்டு. நான் இங்க இருந்து சொல்றேன்" என்றேன்.

கொல்லைக் கதவைச் சாத்தி, ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு, நான் மாஸ்க் போட்டுக்கொண்டு கத்துவேன். கத்துவேன் என்றால் என்ன, முனகுவேன். அவர் காதைக் கண்ணாடியில் வைத்துக் கேட்பார். "பெருசா உருட்டாத. தொண்ட அடைக்கும். உள்ள வை, உள்ள." கம்பத்தின் மேல் நின்று ஒயரை முறுக்குகிற விரல், ஒரு உருண்டையைக் குஞ்சு வாயில் வைக்கத் தெரியாமல் கீழே போட்டுவிடும். ஊட்டி முடித்ததும் கொல்லையிலேயே குளித்து, உடுத்தியதை அங்கேயே துவைத்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். அப்படியும் கொஞ்சம் தூசி வரும், எனக்குத் தெரியும். ஒன்று போன வாரம் செத்தது. தோண்டிப் புதைத்துவிட்டுக் கொல்லைக் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றார். தண்ணீர் ஏன் வீணாகிறது என்று நான் கேட்கவில்லை. மிச்சம் இருப்பதற்கு இறக்கை வந்துவிட்டது. இந்த மாதத்துக்குள் போய்விடும். வேலையில் இருந்து வந்தால் என் எதிரில் உட்கார்ந்து என் மூச்சை எண்ணிக்கொண்டே இருந்த மனிதர், கண்ணு. இப்போது கொஞ்ச நேரமாவது வேறு ஒன்றைப் பார்க்கிறார். பிறகு தனியாக இருக்கப் போகிறவர். ஒரு உயிருக்குச் சோறு ஊட்டத் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். என் உடம்புக்குக் கெடுதி என்று தெரிந்தேதான் செய்தேன். இதற்காக நீ அவரைத் திட்டாதே. ஒரு வார்த்தைகூடத் திட்டாதே.

இரண்டில் ஒன்று சொல்லச் சொன்னாய். காக்கை போய்விடும், ஆனாலும் நீ வராதே. பறவைக்காகச் சொல்லவில்லை. முன் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது, உனக்காகப் புது மெத்தையும் வாங்கி வைத்திருக்கிறார் உன் நைனா. ஆனால் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு ஏன் வருகிறார்கள்? பெற்றவள் பத்தியம் சமைப்பாள், குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவாள், மகளைத் தூங்க விட்டுவிட்டுத் தான் விழித்திருப்பாள் என்றுதானே? எனக்கு ஒரு சொம்பு வெந்நீரைத் தூக்க முடியவில்லை. நீ இங்கே வந்தால் பச்சை உடம்போடு நீதான் என்னைப் பார்த்துக்கொள்வாய். அதை நான் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும். அது வேண்டாம். திருப்பதியிலேயே இரு. மாமியார் பயந்தாங்கொள்ளிதான், ஆனால் கை சுத்தமானவர், சமையல் நன்றாகச் செய்வார். பாலாடை விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. ஊர் என்ன பேசும் என்று உன் நைனா கவலைப்படுகிறார். பேசட்டும்.

குழந்தை பிறந்ததும் நாங்கள் வருகிறோம். நைனா காருக்குச் சொல்லி வைத்திருக்கிறார், சிலிண்டரையும் அதில் வைத்துவிடலாம். இந்த வீட்டுத் துணி ஒன்றும் இல்லாமல், புதுப் புடவை கட்டிக்கொண்டு வருவேன். உன் வாசற்படியில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் உள்ளே வருவேன், நீ ஓடி வராதே. என்னைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்துவிட்டுக் குழந்தையை என் மடியில் வை. நீதான் வைக்க வேண்டும், வேறு யாரும் வேண்டாம். நான் பிடித்துக்கொள்கிறேன், நீ போய்ச் சாப்பிடு என்று பழக்கத்தில் சொல்லிவிடுவேன். கேட்காதே. இருமல் வந்தால் என் கை என் வசத்தில் இருக்காது. நான் எத்தனை சொன்னாலும், கோபித்துக்கொண்டாலும், குழந்தையை என் கையில் தனியாக விட்டுவிட்டு எழுந்து போகாதே. உன் கை என் கைக்கு அடியில் இருக்கட்டும்.

அம்மா